மூக்குக் கண்ணாடியும் முன்றானையும்

மூக்குக் கண்ணாடி அணிகிறவர்களை, அதைத் துடைக்கும் விதத்தைக் கொண்டே வகை பிரித்துவிடலாம். வேட்டி கட்டியவர் வேட்டியின் நுனியைத் தேடுவார். மேல்துண்டு போட்டவர் துண்டை இழுத்துக்கொள்வார். தாய்மார்களுக்கு முன்றானை இருக்கவே இருக்கிறது. கால்சட்டைக்காரரோ உள்ளே செருகியிருந்த சட்டையை வெளியே இழுத்து, காரியம் முடிந்ததும் மறுபடி செருகிக்கொள்வார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சீருடையின் எந்தப் பாகமானாலும் சம்மதந்தான். இவ்வளவு பேருக்கும் பொதுவான பூர்வாங்கச் சடங்கு ஒன்று உண்டு. வாயைத் திறந்து 'ஹா' என்று இரண்டு தரம் கண்ணாடியின்மேல் ஊதுவதுதான் அது.

கண்ணாடிக் கடைக்காரர் இதற்கென்றே மெல்லிய துணி ஒன்றையும் கூடவே கொடுத்து அனுப்புகிறார். அந்தத் துணி எங்கே? கண்ணாடிக் கூட்டுக்குள் இருக்கிறது. கூடு எங்கே? வீட்டில் மேஜை அறைக்குள் இருக்கிறது. கண்ணாடி மாத்திரம் மூக்கின்மேல் ஏறி ஊரெல்லாம் சுற்றிக்கொண்டிருக்கிறது! அது மங்கும்போது கை எதை நாடும்? உடம்பின்மேல் இருக்கும் துணியைத்தான் நாடும். "சட்டையால் துடைக்காதே" என்று டாக்டரும் கடைக்காரரும் எத்தனை தரம் சொன்னாலும் இந்தப் பழக்கம் மாறியதாகத் தெரியவில்லை. மனிதனுடைய கையை மாற்றுவதைவிட, அந்தக் கைக்கு அகப்படும் துணியை மாற்றுவது சுலபமல்லவா? இந்தக் கேள்வியைத்தான் இங்கே ஆராயப் புகுகிறோம்.

கண்ணாடி வந்த கதை

மூக்குக் கண்ணாடிக்கு வயது எழுநூறுக்கு மேல் ஆகிறது. 1306-ஆம் வருஷம் இத்தாலியில் பிளாரன்ஸ் நகரத்தில் பிரசங்கம் செய்த ஜியோர்தானோ என்ற பாதிரியார், இந்த அரிய கலை கண்டுபிடிக்கப்பட்டு இன்னும் இருபது வருஷங்கூட ஆகவில்லை என்று குறிப்பிட்டார். அதைக் கொண்டுதான் 1286-ஆம் வருஷத்தை ஒட்டி இது பிறந்தது என்று சரித்திரக்காரர்கள் கணக்கிடுகிறார்கள். நம் நாட்டிலே, விஜயநகர ராஜ்யத்தில் வாழ்ந்த மத்வ ஆசாரியரான வியாஸராயர், 1520-ஆம் வருஷத்தை ஒட்டி மூக்குக் கண்ணாடி அணிந்து சுவடி படித்ததாக, சோமநாத கவி வடமொழியில் இயற்றிய அவருடைய சரித்திரம் கூறுகிறது. போர்த்துகீசியர் மூலமாக அவருக்கு அது கிடைத்திருக்கலாம் என்பது ஆராய்ச்சியாளர்களின் அபிப்பிராயம்.

நம் தலைமுறைக்கு மூக்குக் கண்ணாடி என்றதும் நினைவுக்கு வருகிறவர் காந்தியடிகள்தான். அவர் 1921-ஆம் வருஷம் செப்டம்பர் 22-ஆம் தேதி மதுரையில் தம் உடுப்பை அரைவேட்டி அளவுக்குக் குறைத்துக்கொண்டார். ஒவ்வொன்றாக உடைமைகளைக் கைவிட்ட அந்த மகான், கடைசி வரையில் விடாமல் வைத்திருந்த சொற்பப் பொருள்களில் ஒன்று அவருடைய வட்டக் கண்ணாடி. 2014-ஆம் வருஷம் காந்தி ஜயந்தியன்று தூய்மை இந்தியா இயக்கம் தொடங்கியபோது, அதற்குச் சின்னமாக அமைந்ததும் அந்தக் கண்ணாடியே. தேசத்தின் சுத்தத்துக்கே அடையாளமாக ஒரு மூக்குக் கண்ணாடியை வைத்திருக்கிறோம். நம் மூக்கின்மேல் இருக்கும் கண்ணாடியின் நிலைமை என்ன என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

கீறுவது எது?

கண்ணாடியில் படியும் அழுக்கு ஒரே ஜாதியைச் சேர்ந்ததல்ல. இமை மயிரிலிருந்தும், மூக்கின் தோலிலிருந்தும், விரல்களிலிருந்தும் வரும் எண்ணெய்ப் பசை ஒன்று. வியர்வை காய்ந்து நிற்கும் உப்பு மற்றொன்று. சமையலறையில் தாளிக்கும்போது கிளம்பும் எண்ணெய்ப் புகை வேறு. நெற்றியில் இட்ட திருநீறு உதிர்ந்து வில்லையில் படிவதும் உண்டு. இவை பார்வையை மறைக்குமே ஒழிய, வில்லைக்கு நிரந்தரமான சேதம் செய்வதில்லை. அந்தச் சேதத்தைச் செய்வது தெருப் புழுதி.

புழுதியில் மணல் இருக்கிறது. மணலில் பெரும் பாகம் குவார்ட்ஸ் என்னும் படிகம். பொருள்களின் கடினத்தை அளக்க 1812-ஆம் வருஷம் பிரெடரிக் மோஸ் என்ற நிபுணர் ஓர் அளவுமுறை வகுத்தார். அதில் வைரத்துக்குப் பத்து என்றால் குவார்ட்ஸுக்கு ஏழு. சாதாரணக் கண்ணாடிக்கு ஐந்தரை. கடினமான பொருள் மிருதுவான பொருளைக் கீறும் என்பது விதி. ஆகையால், புழுதி படிந்த கண்ணாடியைக் காய்ந்த துணியால் தேய்க்கும்போது, துணி வெறும் கருவிதான். உண்மையில் நாம் மணலைக்கொண்டு வில்லையைத் தேய்க்கிறோம்.

பழைய நாளில் வில்லைகள் அசல் கண்ணாடியாலேயே செய்யப்பட்டன. அவை ஓரளவு தாக்குப்பிடித்தன. நம் பாட்டனார்கள் ஆயுள் முழுவதும் மேல்துண்டால் துடைத்தும் ஒரே கண்ணாடியோடு காலத்தைக் கழித்த ரகசியம் அதுதான். ஆனால் 1940-ஆம் வருஷத்தில் அமெரிக்காவில் ஒரு புதிய பிளாஸ்டிக்கைக் கண்டுபிடித்தார்கள். செய்துபார்த்த கலவைகளில் அது 39-ஆவது ஆகையால் 'ஸி.ஆர். 39' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். யுத்தம் முடிந்த பிறகு, 1947-ஆம் வருஷத்தில் அதிலிருந்து மூக்குக் கண்ணாடி வில்லைகள் வரத் தொடங்கின. கண்ணாடியின் எடையில் ஏறக்குறையப் பாதிதான். கீழே விழுந்தாலும் எளிதில் உடையாது. பின்னால் வந்த பாலிகார்பனேட் வில்லை இன்னும் உறுதியானது. இன்று கடைகளில் விற்பவற்றில் பெரும்பாலானவை பிளாஸ்டிக் வில்லைகளே. இவற்றால் மூக்குக்குச் சுமை குறைந்தது. பிள்ளைகளின் கண்ணுக்கு ஆபத்தும் குறைந்தது. ஆனால் பிளாஸ்டிக் கண்ணாடியைவிட மிருதுவானது. சுலபமாகக் கீறல் விழும். அதனால் அதன்மேல் கடினமான மேற்பூச்சு ஒன்று பூசுகிறார்கள். விளக்கொளி பிரதிபலிக்காமலிருக்கப் பூசும் வேறொரு பூச்சும் உண்டு. அது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கைக் காட்டிலும் மெல்லியது!

பாட்டனாருடைய வில்லை போய்விட்டது. பாட்டனாருடைய மேல்துண்டுப் பழக்கம் மாத்திரம் போகவில்லை. சங்கடத்துக்கெல்லாம் காரணம் இதுதான்.

நம் உடுப்புகளின் யோக்கியதை

நாம் உடுத்தும் துணிகளை ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்ப்போம்.

கஞ்சி போட்டு இஸ்திரி செய்த வேட்டி பார்வைக்குக் கம்பீரமானது, துடைப்பதற்கு உதவாது. கஞ்சி ஏறிய இழை விறைப்பாக நிற்குமாகையால் எண்ணெய்ப் பசையை உறிஞ்சாது. கஞ்சியும் கொஞ்சம் வில்லையில் ஒட்டிக்கொள்ளும். வேட்டி நுனி தரையைத் தொட்டுக்கொண்டு வருவதால், ஊர்ப் புழுதியின் மாதிரி அதில் எப்போதும் தயாராயிருக்கும்.

சரிகை அங்கவஸ்திரத்தையும் பட்டுப் புடவையின் முன்றானையையும் பற்றிக் கேட்கவே வேண்டாம். சரிகை என்பது உலோகம். பட்டு நூலின்மேல் தட்டையான வெள்ளிக் கம்பியைச் சுற்றி முலாம் பூசியது அது. புடவையில் சரிகை அதிகமாக இருக்கும் இடம் எது? முன்றானைதான். கல்யாண வீட்டில் எடுப்பாகத் தோன்றும் முன்றானை, பிளாஸ்டிக் வில்லைக்கு எதிரி என்றே சொல்ல வேண்டும். வீட்டில் உடுத்தும் நூல் புடவை மிருதுவானதுதான். ஆனால் அதன் முன்றானையில் கை ஈரமும், அடுப்பங்கரை எண்ணெயும், சில சமயம் குழந்தையின் முகமும் துடைக்கப்பட்டிருக்கும். அதைக் கண்ணாடியில் தேய்த்தால், உள்ள பசை இடம் மாறுமே தவிர நீங்காது.

பாலியெஸ்டர் கலந்த சட்டைத் துணி ஈரத்தை அவ்வளவாக உறிஞ்சுவதில்லை. பசையை இங்குமங்கும் இழுத்து, வில்லை முழுவதும் சமமாகப் பூசிவிடும். காகிதக் கைக்குட்டையும் நல்லதல்ல. அது மர நாரிலிருந்து செய்தது. அதன் சொரசொரப்பு மேற்பூச்சுக்கு ஆகாது.

அப்படியானால் நம் வீட்டில் தகுதியுள்ள துணி இல்லவே இல்லையா? இருக்கிறது, ஆனால் அது பீரோவில் இல்லை, பழந்துணி மூட்டையில் இருக்கிறது. பல தரம் துவைத்து மிருதுவாகிப்போன பழைய பனியன், கஞ்சி காணாத பழைய மல் துணி, இரண்டும் உத்தமம். புதுத் துணிக்குள்ள முரட்டுத்தனம் துவைக்கத் துவைக்கப் போய்விடுகிறது.

ஜப்பானிலிருந்து வந்த துணி

கடைக்காரர் கொடுக்கும் சிறு துணிக்கு மைக்ரோபைபர் என்று பெயர். நுண்ணிழைத் துணி என்று நாம் சொல்லலாம். 1970-ஆம் வருஷத்தில் ஜப்பானிய டோரே கம்பெனியின் விஞ்ஞானி மியோஷி ஒகாமோட்டோ மிக மெல்லிய செயற்கை இழைகளைக்கொண்டு மான் தோல் போன்ற துணி ஒன்றைச் செய்தார். அது எதற்காகச் செய்யப்பட்டது தெரியுமா? மேலங்கிகளும் மற்ற உடுப்புகளும் தைப்பதற்காக! கண்ணாடி துடைக்கும் துணியின் வம்சமே உடுப்பிலிருந்து பிறந்தது என்பது வேடிக்கையான சமாசாரம்.

இந்த இழை எவ்வளவு மெல்லியது? 9,000 மீட்டர் நீளமுள்ள இழையை நிறுத்தால் ஒரு கிராமுக்குக் குறைவாகவே இருக்கும். பருத்தி இழையின் குறுக்களவு சுமார் 12 முதல் 20 மைக்ரான். மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கண்ணாடித் துணிக்கான இழையைப் பாலியெஸ்டரும் நைலானும் சேர்த்து நூற்று, பிறகு பல கூறுகளாகப் பிளக்கிறார்கள். பிளந்த கூறு சில மைக்ரான் அளவே இருக்கும். இப்படிப் பிளந்த இழைகளுக்கிடையே எண்ணற்ற சந்துகள் உண்டாகின்றன. விளக்குத் திரி எண்ணெயை மேலே இழுப்பதுபோல அந்தச் சந்துகள் வில்லையிலுள்ள பசையை உறிஞ்சிக்கொள்கின்றன.

ஆனால் இந்தத் துணிக்கும் மந்திர சக்தி ஒன்றும் கிடையாது. அழுக்கேறினால் இதுவும் மற்றத் துணியைப் போலத்தான். சாதாரண சோப்பில் அலசி நிழலில் உலர்த்த வேண்டும். துணிக்கு மென்மையும் வாசனையும் தருவதாகச் சொல்லி விற்கும் திரவங்களில் முக்கினால், இழைகளின்மேல் ஒரு மெழுக்குப் படிந்து உறிஞ்சும் சக்தி போய்விடும். சூடான இஸ்திரிப் பெட்டி பட்டால் இழை உருகும்.

தையற்காரர் செய்யக்கூடியது

குளிர் தேசங்களில் பனிமேல் சறுக்கி விளையாடுகிறவர்கள் பெரிய காப்புக் கண்ணாடி அணிவார்கள். அது பனியால் அடிக்கடி மறைந்துபோகும். அவர்களுடைய மேற்சட்டைப் பையினுள் ஒரு நாடாவின் நுனியில் சிறு துடைப்புத் துணியைச் சேர்த்துத் தைத்துவிடுகிறார்கள். துணி கைக்கு வரும், ஆனால் காணாமற்போகாது. பிரயாணத்துக்கான சில சட்டைகளிலும் இந்த ஏற்பாடு உண்டு. வேறு சில சட்டைகளில், முன்பக்கத்துக் கீழ் ஓரத்தின் உட்புறத்தில் நுண்ணிழைத் துணியைப் பதித்துத் தைக்கிறார்கள். பார்க்கிறவர்களுக்கு அந்த மனிதர் தம் சட்டையால் துடைக்கிறார் என்றே தோன்றும். கைப்பழக்கம் பழையபடியே இருக்கிறது. துணி மாத்திரம் மாறிவிட்டது. மனித சுபாவத்தை அறிந்த யுக்தி!

இதை நம் வீடுகளில் செய்துகொள்ள அதிகச் செலவு ஆகாது. உள்ளங்கை அளவு துணி ஒன்று போதும். கடைக்காரர் கொடுத்ததானாலும் சரி, பழைய பனியனிலிருந்து வெட்டியதானாலும் சரி. நாலு பக்கமும் மடித்துத் தைத்து, ஒரு மூலையில் காது வைத்து, சட்டையின் உட்புறத்தில் கீழ் ஓரத்தருகே தைத்த பொத்தானில் மாட்டிவிடலாம். ஜிப்பாவானால் பக்கப் பையினுள்ளே மாட்டலாம். ரவிக்கைக்குச் சரிப்படாது, ஆகையால் தாய்மார்கள் கைப்பையின் உட்புறத்தில் மாட்டிக்கொள்ளலாம். கவனிக்க வேண்டிய விஷயங்கள் இரண்டு. துணி வெளிப்புறம் இருக்கக் கூடாது. இருந்தால் சட்டையின் புழுதியெல்லாம் அதில் சேரும். நிரந்தரமாகவும் தைத்துவிடக் கூடாது. கழற்றித் தனியே அலசினால்தான் கஞ்சியும் இஸ்திரியும் அதற்கு எட்டாமலிருக்கும்.

ஒன்று மாத்திரம் நிச்சயம். எவ்வளவு நல்ல துணியானாலும் தண்ணீருக்கு அடுத்தபடிதான். முதலில் கண்ணாடியைக் குழாய்த் தண்ணீரில் காட்டி மணலைப் போக்க வேண்டும். வீட்டிலிருந்தால், ஒரு சொட்டு சோப்புத் திரவத்தை விரல் நுனியில் எடுத்து மெதுவாகத் தடவி அலசலாம். பிறகு உதறிவிட்டு, துணியால் ஒற்ற வேண்டும். வெந்நீர் கூடாது, அது மேற்பூச்சுக்குக் கெடுதல். வாயால் ஊதுகிற ஈரம் மணலைக் கழுவப் போதாது. கீறலைப் போக்கப் பற்பசை தேய்க்கிறவர்களும் உண்டு. பற்பசையில் தேய்க்கும் தூள் இருக்கிறது. இருக்கும் கீறலோடு புதுக் கீறல் சேருவதுதான் மிச்சம். 2020-ஆம் வருஷத்தில் கொரோனா நோய்க்காக முகக் கவசம் அணிந்த காலத்தில், மூச்சுக்காற்று மேலே வந்து கண்ணாடியை மூடியது வாசகர்களுக்கு நினைவிருக்கும். சோப்புத் தண்ணீரில் அலசிய வில்லையில் நீராவி துளித்துளியாக நிற்காமல் மெல்லிய படலமாகப் பரவுவதால் அந்த மங்கலும் குறைகிறது.

பள்ளிக்கூடத்தில்

இவ்வளவும் பெரியவர்களுக்கு வெறும் சௌகரியத்தைப் பற்றிய விஷயமாகத் தோன்றலாம். கீறல் விழுந்தால் வேறு வில்லை போட்டுக்கொள்வார்கள். குழந்தைகளின் விஷயம் அப்படியல்ல.

ஆசிரியத் தொழிலில் இருக்கும் நாம் தினந்தோறும் காணும் காட்சி இது. விளையாட்டு மைதானத்திலிருந்து பிள்ளைகள் வகுப்புக்குள் ஓடிவருகிறார்கள். முகத்தில் வியர்வை, சட்டையில் புழுதி. கண்ணாடி போட்ட பிள்ளை அதைக் கழற்றி, அந்தச் சட்டையாலேயே அழுத்தித் தேய்த்து மாட்டிக்கொள்கிறது. ஆறு மாதம் இப்படி நடந்தால், வில்லையின் நடுப்பாகம் புகை படிந்ததுபோல் ஆகிவிடும். கரும்பலகையிலுள்ள எழுத்தைச் சுற்றி வெளிச்சம் சிதறும். எண்ணிலே மூன்றுக்கும் எட்டுக்கும் பேதம் தெரியாது. குழந்தை வாய் திறந்து சொல்லாது. சொன்னால், "புதுக் கண்ணாடியை இதற்குள் பாழாக்கிவிட்டாயா?" என்று வீட்டில் கோபிப்பார்கள் என்ற பயம். ஆகவே பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதத் தொடங்குகிறது. ஆசிரியர் கவனியாமற்போனால், "மந்தம்" என்றோ "காப்பி அடிக்கிறான்" என்றோ பெயரும் வாங்கிவிடுகிறது. அந்தப் பிள்ளையின் புத்தியில் குறை ஏதும் இல்லை, குறையெல்லாம் வில்லையில்தான்.

மங்கிய கண்ணாடியால் 'பவர்' ஏறிவிடும் என்று பெற்றோர் பலர் அஞ்சுகிறார்கள். அப்படி ஏறுவதில்லை. ஆனால் கண்ணை இடுக்கிப் பார்த்துப் பார்த்துத் தலைவலியும் அலுப்பும் வரலாம். படிப்பில் சிரத்தையும் குறையலாம். அது போதாதா?

தமிழ்நாட்டில் 2009-ஆம் வருஷம் தொடங்கிய 'கண்ணொளி காப்போம்' திட்டத்தின்கீழ், பள்ளிப் பிள்ளைகளின் கண்களைச் சோதித்து, தேவையானவர்களுக்கு இலவசமாகக் கண்ணாடி கொடுக்கும் ஏற்பாடு வந்தது. மிகவும் நல்ல காரியம். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சீருடையும் இலவசமாகவே தரப்படுகிறது. கண்ணாடி ஒரு கையில், சீருடை மறு கையில். இரண்டையும் சேர்த்து யோசித்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்! சீருடைச் சட்டையின் உட்புறத்தில் ஒரு பொத்தான். கண்ணாடிக்காரப் பிள்ளைக்கு அதில் மாட்டிக்கொள்ள ஒரு சிறு துணி. உள்ளங்கை அளவுத் துணிக்கு என்ன பிரமாத விலை ஆகிவிடும்? உலகத்துக்கெல்லாம் பனியன் தைத்து அனுப்பும் திருப்பூர் நம்மிடம் இருக்கிறது. அங்கே வெட்டிக் கழிக்கும் மிருதுவான பருத்தித் துண்டுகளே எத்தனையோ பிள்ளைகளுக்குப் போதும். மெல்லிய மல் நெய்யத் தெரிந்த கைத்தறிக்காரர்களுக்கும் இது ஒரு புது வேலையாகலாம். தேவையைக் கண்டு, நம் துணியைக்கொண்டு, நம் கையாலேயே அதைப் பூர்த்தி செய்துகொள்வதல்லவா சுதேசியம்?

அரசாங்கம் செய்யும் வரையில் காத்திருக்க வேண்டியதில்லை. வீட்டில் ஊசியும் நூலும் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை கால் மணி நேரம் போதும். குழந்தையையே அருகில் உட்காரவைத்துக்கொண்டு அந்தப் பொத்தானைத் தைத்துக் கொடுங்கள். "முதலில் தண்ணீர், பிறகு துணி" என்ற இரண்டு வார்த்தைப் பாடத்தையும் கூடவே சொல்லிக் கொடுங்கள். தண்ணீர்ப் பாட்டிலைத்தான் குழந்தை தினமும் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகிறதே. அதிலிருந்து ஒரு வாய்த் தண்ணீர் செலவானால் பாதகமில்லை.

நம் பிள்ளைகள் என்னென்னவோ படிக்க வேண்டுமென்று ஆசைப்படுகிறோம். அதற்காகப் புத்தகம் வாங்குகிறோம், சம்பளம் கட்டுகிறோம், கண்ணாடியும் போட்டுவிடுகிறோம். அந்தக் கண்ணாடி வழியாகக் கரும்பலகை தெரிகிறதா என்று வாரத்துக்கு ஒரு தரம் அதை வாங்கி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். கீறல் விழுந்து மங்கியிருந்தால் கோபிக்காமல் வேறு வில்லை போட்டுக் கொடுங்கள். அழுக்காயிருந்தால் அலசிக் கொடுங்கள். ஒற்றுவதற்கு மாத்திரம் முன்றானையைத் தேடாதீர்கள்!